சேர்மனின் கைராசியும் நாலு சாதாரண எலிகளும்

எத்திராஜ் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிப்பவர். முதல் குளியல் அல்சூர் வீட்டில், தனக்காக. மற்ற இரண்டும் பொம்மசந்திராவில், எலிகளுக்காக. "என்கூட கோயிலுக்கு வர்றதுன்னா ஒரு குளியலுக்கே மூக்கால அழுவுற. எலிய பாக்க மட்டும் ரெண்டு வாட்டியா?" என்று மனைவி சீதாலட்சுமி கேட்பாள்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில், ஒரு மருந்துக் கம்பெனிக்கும் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கும் நடுவில் இருந்தது உயிர்க்கவச ஆய்வு நிலையம். எத்திராஜ் அங்கே பதினோரு வருடமாக விலங்குக்கூடப் பணியாளர். ஒப்பந்த ஊழியர். அவரை நிரந்தரமாக்குவது பற்றிய கோப்பு ஒன்பது வருடமாகப் பரிசீலனையில் இருந்தது. அது நல்ல கோப்பு என்று எல்லோருமே அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது மாடியில், அவர் பொறுப்பில் இருபத்து நாலு எலிகள். மரபணுவை மாற்றி, நோய் எதிர்ப்பாற்றல் இல்லாமலே பிறக்கும்படி செய்யப்பட்டவை. உடம்பில் முடி கிடையாது. சுருக்கம் விழுந்த இளஞ்சிவப்புத் தோலோடு, திருப்பதிக்குப் போய் அப்போதுதான் திரும்பிய பெரியவர்களைப் போல உட்கார்ந்திருக்கும். நமக்கு ஒரு தும்மலோடு போய்விடுகிற கிருமி அவற்றுக்கு எமன். அவை தின்னும் தீவனம், குடிக்கும் தண்ணீர், படுக்கும் மரத்தூள் எல்லாமே ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவிப் பெட்டியில் வெந்துதான் உள்ளே போகும். அறைக் கதவில் ஒரு பலகை: 'குளிக்காமலும் உடை மாற்றாமலும் முகக்கவசம் அணியாமலும் எவரும் நுழையக் கூடாது. சளி, இருமல் உள்ளவர்கள் அறவே கூடாது. இயக்குநர் உட்பட. – இயக்குநர்.'

இயக்குநர் டாக்டர் ஜெயராமன் அந்த விதியை இம்மியும் மீறியதில்லை. கோட்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் அந்த அறைப் பக்கம் அவர் போனதே இல்லை.

இருபத்து நாலில் எட்டு எலிகள் ஆராய்ச்சியாளர் வைஷ்ணவியுடையவை. வேலூர்க்காரப் பெண், முப்பது வயது இருக்கும். அந்த எட்டு எலிகளின் உடம்பிலும் ஸ்னேஹா என்ற மூன்றரை வயதுக் குழந்தையின் உயிரணுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்னேஹாவும் எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறந்தவள்தான். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ணாடி அறைக்குள் வளர்கிறாள். அவளுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து அணுக்களை எடுத்து, அதிலிருந்த பிழையைத் திருத்தி, எலிகளுக்குள் செலுத்தியிருந்தார்கள். வேறு எலியாக இருந்தால் அன்னிய அணுக்களை எதிர்த்து விரட்டிவிடும். விரட்டத் தெரியாத எலி என்பதால்தான் இந்த எலி. பன்னிரண்டு வாரத்தில் அந்த அணுக்கள் பிழைத்துப் பெருகினால், அடுத்தது ஸ்னேஹாவுக்கே செய்து பார்க்கலாம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்னேஹாவின் அம்மா ஆஞ்சலா பீன்யாவில் தையல் கம்பெனி ஷிஃப்ட் முடித்து, மெட்ரோவில் ஆர்.வி. ரோட்டில் வண்டி மாறி, நிலையத்தின் கேட்டுக்கு வந்து நிற்பாள். உள்ளே விடமாட்டார்கள். எத்திராஜ் வெளியே போவார்.

"அண்ணே, எலிங்க எப்படிண்ணே இருக்கு?"

"ஜோரா இருக்கும்மா. காலையில ரெண்டு சண்டை போட்டுச்சுங்க."

"சண்டை போட்டா நல்லதாண்ணே?"

"பின்ன? தெம்பு இருந்தாத்தானே சண்டை."

அவள் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஸ்னேஹாவிடம் எலிச் சண்டையை அபிநயத்தோடு நடித்துக் காட்டுவாளாம்.

சோதனையின் நாலாவது வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டு வருடமாக இயங்கிக்கொண்டிருக்கும் எலி அறை, அடுத்த வியாழக்கிழமை திறந்து வைக்கப்படும். திறந்து வைப்பவர் நிலையத்தின் ஆட்சிக்குழுத் தலைவர் ரவிக்குமார். பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்று, ஓயாமல் இருப்பவர். அவர் ஒரு விருப்பம் தெரிவித்திருந்தார். எலி ஒன்றை வெறுங்கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய காலண்டர் ஒன்றில் யாரோ புறாவை ஏந்தியிருந்தது அவர் மனதில் பதிந்திருந்ததாம்.

ஆலோசனைக் கூட்டத்துக்கு எத்திராஜையும் கூப்பிட்டார்கள். நாற்காலி போடவில்லை. கூப்பிட்டதே பெரிது.

"சார், குளிக்காம அதுங்கள தொடக்கூடாது" என்றார் எத்திராஜ்.

நிர்வாக அதிகாரி வீணா கன்னடக்காரர். தமிழைத் தைரியமாகப் பேசுவார். "சேர்மன் சார் டெல்லியில குளிச்சிட்டுத்தான் ஃப்ளைட் ஏறோது. அது சாக்கல்வா?"

போதாதா என்று கேட்டார். அல்சூரில் பிறந்து வளர்ந்த எத்திராஜுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் தமிழிலேயே புரிந்துகொண்டார். "சாகும் மேடம். அன்னிக்கே சாகும்."

டாக்டர் ஜெயராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எத்திராஜ், அவர் முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ்ல இருந்தவர். அவ்வளவு பெரிய சர்வீஸ்ல ஒரு குற்றச்சாட்டுகூட அவர்மேல ஒட்டினது இல்ல. கிருமி மட்டும் எப்படி ஒட்டும்?"

இதற்கென்று தூய்மை விலக்குத் துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு இரண்டு அமர்வுகள் கூடி, மூன்று தட்டு முந்திரி பக்கோடாவுக்குப் பிறகு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது: விழா நாளன்று காலை பத்து முதல் பன்னிரண்டு மணி வரை, தலைவர் அவர்கள் குளித்தவராகக் கருதப்படுவார்.

கூட்டம் கலைந்ததும் வீணா, எத்திராஜிடம் ஒரு தாளைக் கொடுத்து இரண்டு நகல் எடுத்து வரச் சொன்னார். நகல் எடுக்கும்போது அதன் மேல் கண் போனது. 'விலங்குக்கூடப் பணியாளர் எத்திராஜின் கவனக்குறைவால் எலிகள் இறந்தது குறித்து' என்று தலைப்பு. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. நிலையத்தில் சரியான நேரத்துக்கு முன்பே தயாரான ஒரே காகிதம் அதுதான்.

எத்திராஜ் நேராக வைஷ்ணவியிடம் போனார். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "கீழ் மாடியில சாதாரண வெள்ளை எலிங்க இருக்கில்லண்ணா, அதுல நாலு எடுத்துக்கலாமா?" என்றாள்.

"அதுக்கு முடி இருக்கும்மா. சேர்மனுக்கு அனுப்பின போட்டோவுல மொட்டையாத்தானே இருக்கு?"

"எடுத்துட்டா?"

எத்திராஜ் அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. திருட்டுத்தனமாகச் செய்யவும் அவளுக்கு மனமில்லை. 'விழாவில் காட்டுவதற்காக, எதிர்ப்பாற்றல் உள்ள நான்கு சாதாரண எலிகளை முடி நீக்கி வைக்க அனுமதி தேவை' என்று இயக்குநருக்கு எழுதினாள். ஒரு மணி நேரத்தில் 'பார்த்தேன்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்த நிலையத்தில் பார்த்தேன் என்றால் பார்க்கவில்லை என்று பொருள்.

மெட்ரோ ஸ்டேஷன் எதிரே இருந்த மருந்துக்கடைக்கு எத்திராஜ் போனார்.

"முடி எடுக்கற க்ரீம் ஒண்ணு குடுங்க. சாஃப்டா இருக்கணும்."

"மேடத்துக்கா சார்? என்னா ஸ்கின்?"

"சின்ன ஸ்கின். ரொம்ப மெல்லிசு."

"சார், கொழந்தைக்கெல்லாம் போடக்கூடாது!"

"கொழந்தை இல்லப்பா. எலி."

கடைக்காரர் க்ரீமை எடுத்து வைத்தவர், கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டார். "சார், எலிக்கு வேற மருந்து இருக்குதே. கேக் மாதிரி வருது."

"கொல்றதுக்கு இல்லப்பா. ஃபங்க்ஷனுக்கு."

கடைக்காரர் க்ரீமின் மேலிருந்து கையை எடுத்தார்.

மறுநாள் மதியம் இருவரும் சேர்ந்து நாலு எலிகளுக்கும் க்ரீம் தடவி, இரண்டு நிமிடம் பொறுத்து, வெதுவெதுப்பான நீரில் துடைத்து எடுத்தார்கள். மூன்று எலிகள் ஒத்துழைத்தன. நாலாவது எத்திராஜின் கையுறையைக் கடித்துவிட்டு, தனக்கு நேர்ந்ததைச் சுவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தது. தோலில் சுருக்கம் மட்டும் கொஞ்சம் குறைச்சல். விழாவுக்கு வருகிறவர்கள் சுருக்கத்தை அளக்கப் போவதில்லை என்று வைஷ்ணவி சொன்னாள்.

திறப்பு விழா தரைத்தளத்து முகப்பில் நடந்தது. மேடையில் வெல்வெட் துணி, அதன் மேல் கூண்டு, கூண்டின் மேல் ஒரு சால்வை. விருந்தினர் எல்லோருக்கும் சால்வை உண்டு என்பது மரபு. மரபை எலிக்காக மாற்றுவானேன் என்று வீணா நினைத்திருந்தார். தலைவர் ரவிக்குமார் பெரிய கைக்குட்டையோடு வந்தார். டெல்லியிலிருந்தே நல்ல ஜலதோஷம். மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. மணி பதினொன்று என்பதால் அவர் குளித்தவராக இருந்தார்.

அவர் ஆங்கிலத்தில் நாற்பது நிமிடம் பேசினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"எனக்கு அறிவியல் தெரியாது. அதனால்தான் ஏழு அறிவியல் நிறுவனங்களுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். தெரிந்தவரைப் போட்டால் அவர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். இந்த எலிகளுக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்று இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? என் பணிக்காலம் முழுக்க நான் எதையும் எதிர்த்ததில்லை. எந்த நிலைக்கு உயர்ந்திருக்கிறேன் பாருங்கள்!"

கைதட்டல் அடங்கியதும் அவர் எலியைக் கையில் ஏந்தினார். ஏந்தியவுடன் தும்மினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தும்மலுக்கும் டாக்டர் ஜெயராமன் தன் கோட்டுப் பையைத் தொட்டுக்கொண்டார். எத்திராஜின் மேல் போடவேண்டிய காகிதம் அதில்தான் இருந்தது. நாலாவது தும்மலில் எலி நனைந்தேவிட்டது. பிறகு தலைவர் தன் தட்டிலிருந்த மைசூர்பாக்கில் ஒரு துண்டைக் கொடுத்தார். எலி முழுவதையும் தின்றது. தின்றுவிட்டு அவர் உள்ளங்கையிலேயே சிறுநீர் கழித்தது. "சுப சகுனம்" என்றார் வீணா.

மறுநாள் காலை வீணா மாடியேறி வந்தார். நிலையத்தில் லிஃப்ட் உண்டு. ஆனால் அது பாதுகாப்பானது என்று யாராவது கையெழுத்திட வேண்டியிருந்ததால், எட்டு மாதமாக 'அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்ற அட்டையோடு நின்றிருந்தது. எத்திராஜ் அந்த நாலு எலிகளையும் தன் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

"எத்திராஜ், ஹோய்த்தா?" போய்விட்டதா என்று கேட்டார்.

"இல்ல மேடம். சாப்புடுது."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். "இன்னும் இல்லவா?" என்று கேட்ட குரலில் நியாயமான ஏமாற்றம் இருந்தது. ஐந்தாம் நாள் இயக்குநர், கோட்டுப் பையிலிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டார். எலிகள் சாகாததற்கு எத்திராஜைக் காரணம் காட்ட முடியாது. வேறு ஒருவரைக் காட்ட வேண்டும்.

அப்படித்தான் அந்தக் கண்டுபிடிப்பு பிறந்தது. எதிர்ப்பாற்றல் இல்லாத எலி, நாலு தும்மலையும் ஒரு மைசூர்பாக்கையும் தாங்கிப் பிழைத்திருக்கிறது. நடுவில் நடந்தது என்ன? தலைவர் தொட்டிருக்கிறார். டாக்டர் ஜெயராமன் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அதற்கு ஒரு பெயர் வைத்தார்: 'தலைமை ஸ்பரிசத்தால் தூண்டப்படும் நோய் எதிர்ப்பாற்றல்'.

இதோடு நின்றிருக்கும். ஆனால் விழா முடிந்த இரண்டாவது வாரக் கடைசியில், எல்லா சாதாரண எலிகளுக்கும் நடப்பது போல, அந்த நாலுக்கும் முடி முளைத்துவிட்டது.

நிலையம் கிடுகிடுத்தது. ஏனென்றால் இயக்குநருக்கு வழுக்கை. தலைவருக்கும் வழுக்கை. துணைக்குழுவில் பாதிப்பேருக்கு ஆரம்ப நிலை. பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தார்கள். எலிகளின் 'முன்', 'பின்' படங்கள் ஆளுயரத்துக்கு அச்சாகி முகப்பில் நின்றன. தலைவர் அடுத்த விமானத்தில் வந்தார். இயக்குநர் அறையில் கதவு சாத்தப்பட்டது. தேநீர் கொண்டு போன ஊழியர் பிரபா வெளியே வந்து சொன்னது: "சேர்மன் நம்ம டைரக்டர் தலைமேல கை வெச்சிருக்காரு. டைரக்டர் கண்ண மூடிக்கினு, ஃபோன்ல டைம் பாக்கச் சொல்றாரு."

தலைவர் தன் தலையைத் தானே தொட்டுக்கொண்டால் பலிக்குமா என்பது மேலதிக ஆய்வுக்கு விடப்பட்டது.

வைஷ்ணவியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். எத்திராஜும் கூட நின்றார்.

"சார், ஒரு உண்மைய சொல்லணும். அந்த நாலும் சாதாரண எலி."

"ஆமா" என்றார் இயக்குநர், முகம் மலர்ந்து. "இப்ப சாதாரண எலி! அதுதானே சாதனை?"

"இல்ல சார், முதல்லேர்ந்தே சாதாரண எலி."

"அப்படிச் சொல்லும்மா! முதல்லேர்ந்தே அதுக்குள்ள ஒரு சாத்தியம் இருந்திருக்கு. தொட்டதும் வெளிய வந்திருக்கு. இத எழுதிக்குங்க வீணா."

"சார்" என்றார் எத்திராஜ், "மெடிக்கல் ஷாப்ல க்ரீம் வாங்கி நான்தான் சார் முடிய எடுத்தேன்."

துணைக்குழு உறுப்பினர் ஒருவர் தன் நெற்றிக்கு மேல் தடவியபடி மெதுவாகக் கேட்டார்: "முடிய எடுக்கற க்ரீம் போட்டும் முளைச்சுதா?"

வைஷ்ணவி, 'பார்த்தேன்' என்று குறித்திருந்த தன் கடிதத்தையும் எடுத்துக் காட்டினாள். இயக்குநர் அதைக் கையில் வாங்கி, இந்தத் தடவையும் பார்த்தார்.

ஒன்பதாவது வாரம் உத்தரவு வந்தது. எதிர்ப்பாற்றல் பிரச்சினை தீர்ந்துவிட்டபடியால், மாடி அறையிலிருக்கும் இருபத்து நாலு எலிகளையும் வரும் திங்கட்கிழமை கீழே கொண்டு வர வேண்டும். தலைவர் ஒவ்வொன்றாகத் தொடுவார். குளியலறையும் நீராவிப் பெட்டியும் அகற்றப்பட்டு, அந்த அறை 'ஸ்பரிச அரங்கம்' ஆக்கப்படும்.

வைஷ்ணவி மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "இன்னும் மூணு வாரம்ண்ணா. எட்டுல ஆறுக்கு ரத்தத்துல அணுக்கள் தெரிய ஆரம்பிச்சிருக்கு. மூணே மூணு வாரம்."

அன்று சனிக்கிழமை. கேட்டில் ஆஞ்சலா நின்றிருந்தாள். பத்திரிகையில் வந்ததை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

"அண்ணே, அந்த சேர்மன் தொட்டா நல்லாயிடுதாமே. எம்பொண்ண ஒருவாட்டி வந்து தொடச் சொல்றீங்களா? நானே மூணு வருஷமா கண்ணாடி வழியாத்தான் பாக்கறேன். அவருக்கு எவ்ளோ வேலையோ. ஒரு நிமிஷம் போதும்."

இதுவரை எத்திராஜுக்கு இந்தக் கூத்து ஓரளவு பிடித்தேயிருந்தது. அது அந்த இடத்தில் நின்றுபோயிற்று.

"அது பொய்யும்மா" என்றார். "நம்பாத. ஜலதோஷக்காரரு. பக்கத்துலயே விடாத."

"அப்போ எலிங்க?"

"எலிங்க ஜோரா இருக்கு" என்று சொன்னார். சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். வழியில் லிஃப்ட் நின்றிருந்தது. அதன் அட்டையை ஒன்பது மாதமாகத் தினமும் பார்க்கிறார். அன்றைக்குத்தான் நின்று படித்தார். லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு கையெழுத்து இல்லை. அவ்வளவுதான்.

மாலைக்குள் அவரும் வைஷ்ணவியும் சேர்ந்து ஒரு படிவம் தயாரித்தார்கள். ஒரு பக்கம்தான். 'எலி அறையைத் திறக்க உத்தரவிடுபவர் நான். அதன் பிறகு எலிகளுக்கு நேர்வது எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு.' கீழே பெயர், கையெழுத்து, தேதி.

திங்கட்கிழமை காலை எத்திராஜ் அதை வீணாவின் மேசையில் வைத்தார். "மேடம், ரூம தொறக்க நான் ரெடி. இதுல மட்டும் ஒரு சைன் வேணும்."

வீணா மூன்று தடவை படித்தார். "இது யாரு சைன் பண்ணோது?"

"யாரு பண்ணாலும் சரி மேடம். நீங்க பண்ணாலும் சரி."

வீணா பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, படிவத்தை இயக்குநரிடம் அனுப்பினார். இயக்குநர், "நான் இயக்குநர். இயக்குவது என் வேலை. தொடுபவர் தலைவர்" என்று குறிப்பெழுதித் தலைவருக்கு அனுப்பினார். தும்மியபடி காரில் வந்து ஒரு காலைக் கீழே வைத்த தலைவர், படிவத்தைப் பார்த்ததும் காரை விட்டு இரண்டாவது காலை எடுக்கவில்லை. "ஸ்பரிசம் என்னுடையது. பொறுப்பு நிலையத்தினுடையது" என்று சொல்லிவிட்டு விமான நிலையத்துக்கே திரும்பினார். பொறுப்பு நிர்ணயத் துணைக்குழு அமைக்கப்பட்டது. அது கூடி, தன் கூட்டக் குறிப்பில் யாரும் கையெழுத்திட வேண்டியதில்லை என்பதை முதல் தீர்மானமாக நிறைவேற்றிக் கலைந்தது. சட்ட ஆலோசகர், 'பொறுப்பு' என்ற சொல்லுக்குப் பதில் 'ஆர்வம்' என்று போட்டால் தலைவர் கையெழுத்திடக்கூடும் என்று யோசனை சொன்னார். அந்த யோசனையைக் கையெழுத்தில்லாமல் சொன்னார்.

பத்தாவது வார முடிவில் இயக்குநர் எத்திராஜைக் கூப்பிட்டார். இந்தத் தடவை நாற்காலி இருந்தது. மேசையில் இரண்டு காகிதங்கள்.

"உக்காருங்க எத்திராஜ். பதினோரு வருஷமா இருக்கீங்க. உங்க ஃபைல் எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருந்தது." ஒரு காகிதத்தை முன்னால் தள்ளினார். நிரந்தரப் பணி ஆணை. அதில் அவர் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருந்தன. அடியில் இயக்குநரின் முழுக் கையெழுத்தே இருந்தது. இன்னொன்று அந்தப் படிவம். "நிரந்தர ஊழியர்னா நீங்களே இதுல சைன் பண்ணலாம். ஒரு ஃபார்மாலிட்டி. ரெண்டையும் இங்கயே முடிச்சிடலாம்."

எத்திராஜ் ஆணையைக் கையில் எடுத்தார். அவர் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டிருந்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் சீதாலட்சுமி என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். முதலில் நம்பமாட்டாள். அப்புறம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள். கொஞ்ச நேரம் அந்தத் 'திரு'வையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதுல நான் சைன் போட்டா ரூம நான்தான் தொறக்கணும்."

"ஆமா."

"நான் தொறக்க மாட்டேன் சார்."

இரண்டு காகிதங்களையும் ஒழுங்காக அடுக்கி, மேசையின் ஓரத்தோடு நேராக வைத்துவிட்டு எழுந்தார்.

"வேலைய விட்டு அனுப்பிடுவேன் எத்திராஜ்!"

"அனுப்புங்க சார். காரணத்த எழுதி ஒரு சைன் மட்டும் போட்டுக் குடுங்க."

இயக்குநர் நிரந்தரப் பணி ஆணையைக் கிழித்துப் போட்டார். வேறொன்றும் எழுதவில்லை. எத்திராஜ் அன்று வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது சீதாலட்சுமி வெகுநேரம் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். கடைசியில், "அந்தக் கொழந்தை பேரு என்னான்ன?" என்று கேட்டாள்.

பன்னிரண்டாவது வாரம் வந்தது. வைஷ்ணவி எட்டு எலிகளிடமிருந்தும் ஒவ்வொரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். ஏழில் ஸ்னேஹாவின் அணுக்கள் பெருகி, எதிர்ப்பாற்றல் தரும் அணுக்களாக வளர்ந்திருந்தன. அவள் கணினியிலிருந்து எழுந்து வந்து, குளித்து உடைமாற்றி உள்ளே நின்றிருந்த எத்திராஜிடம் எலி அறைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஏழு விரல்களைக் காட்டினாள். எத்திராஜ் உள்ளேயிருந்து ஒரு சலாம் வைத்தார்.

நிலையம் இதைக் கவனிக்கவில்லை. தலைவருக்கு அப்போது எட்டாவதாக ஒரு மீன்வள நிறுவனம் கிடைத்திருந்தது. அங்கே ஒரு மீனைக் கையில் ஏந்துவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. படிவம் கையெழுத்துக்காக டெல்லியில் இருப்பதாக வீணா சொன்னார். எந்த அலுவலகம் என்று கேட்டதற்கு, "அது கொத்தில்ல" என்றார். தெரியாதாம்.

சோதனையின் முடிவுகள் முறைப்படி மேலே போய், தேவையான அனுமதிகள் எல்லாம் கிடைக்க மேலும் ஏழு மாதம் ஆயிற்று. அதன் பிறகு ஒரு சனிக்கிழமை ஆஞ்சலா ஃபோன் செய்தாள். ஆஸ்பத்திரியில் ஏதோ பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போகிறார்கள், கூட வர முடியுமா என்று கேட்டாள். "வேற யாரையும் கூப்புடத் தோணல அண்ணே."

எத்திராஜ் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்னேஹா சிவப்பு கவுனில் கட்டிலின் மேல் நின்றிருந்தாள். டாக்டர் ஐரின் என்ற அம்மையார் பதினொரு பக்கத்தையும் பொறுமையாகத் தமிழில் விளக்கினார். இது பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். இன்னின்ன ஆபத்து வரலாம். ஒவ்வொன்றையும் மறைக்காமல் சொன்னார். ஆஞ்சலா ஒரு சொல் விடாமல் கேட்டாள். "எலிங்களுக்கு வலிச்சுதா?" என்று ஒன்று மட்டும் எத்திராஜிடம் கேட்டாள். "ஊசி குத்தறப்ப கத்துச்சுங்க. அப்பறம் சாப்புட்டுதுங்க" என்றார்.

"இதெல்லாம் தெரிஞ்சு, என் பொறுப்புல சம்மதிக்கிறேன்னு இங்க எழுதியிருக்கு" என்றார் டாக்டர். "யோசிச்சுட்டு நாளைக்குக்கூட..."

"பேனா குடுங்க மேடம்."

ஆஞ்சலா புடவைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

"சாட்சிக்கு ஒருத்தர் வேணும்" என்று டாக்டர் தாளை எத்திராஜ் பக்கம் திருப்பினார். அவர் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"உறவுமுறைன்னு கேட்டிருக்கு மேடம். என்னா எழுதட்டும்?"

டாக்டர் யோசித்தார். ஆஞ்சலா யோசிக்கவில்லை.

"எலி பக்கத்துச் சொந்தம்னு எழுதுங்கண்ணே" என்றாள்.